கரையை விற்ற நகரும் நீர்மேல் நடைபாதையும்

2011ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 13ஆந் திகதி அதிகாலை, அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத் தலைநகராகிய பிரிஸ்பேனில், கரைபுரண்டோடிய ஆறு அந்நகரின் மிதக்கும் நடைபாதையைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. நியூ ஃபாம் என்னும் பகுதியின் ஆற்றோரமாக 2003ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட அப்பாதை, மிதவைகளின் மேல் அமைந்து, ஆற்றடியில் நாட்டப்பெற்ற தூண்களோடு பிணைக்கப்பட்டு, வற்றுக்கும் பெருக்குக்கும் ஏற்பத் தாழ்ந்தும் உயர்ந்தும் இயங்கியது. அறுந்துபோன துண்டுகளுள் ஒன்று ஏறத்தாழ 300 மீற்றர் நீளமானது. அது மிதந்துசென்று ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பெரும்பாலத்தின் தூண்களிலே மோதக்கூடுமென அஞ்சப்பட்டவேளை, ஒரு சிறு இழுவைப்படகு அதனை அணைத்தும் திருப்பியும் பாலத்தின் கீழாகச் செலுத்திக் கடல்நோக்கி அனுப்பிற்று. அன்றைய உச்ச வெள்ளமட்டம் நகர அளவுகோலில் 4.46 மீற்றராகும்.

ஆறு கொண்டுபோனதை மீண்டுங் கட்டுவதா என்ற வினா வெள்ளம் வடிந்ததும் எழுந்தது. இத்தகைய பாதைகளை எதிர்ப்போருக்கு இதனினும் வாய்ப்பான சான்று வேறு கிடைத்தல் அரிது. ஆறே தீர்ப்புக் கூறிவிட்டது. நீரின்மேல் நடக்க முனைந்தது வீண் ஆடம்பரம். செலவிட்ட பணம் ஆற்றிற் கரைத்த புளி என்பது அவர்தம் வாதம். மறுபுறத்தில், இத்தகைய திட்டம் எந்நகரில் முன்வைக்கப்பட்டாலும் அதனை ஆதரிப்போர் எடுத்துரைப்பன உல்லாசப் பிரயாணிகளின் வருகை, நகரின் பெருமை, உலகப் பெருநகரங்களின் வரிசையிற் சேர்தல் என்பனவே. இரு சாராரும் நீரைப்பற்றிப் பேசுவர். கரையைப்பற்றிப் பேசுவோர் அவர்களிடையே மிகச் சிலரே. ஆயினும் விவாதத்தின் உயிர்நிலை கரையிலேயே உள்ளது. கரை எவருடையது என்பதைக் கேளாமல், நீரின்மேற் பாதை கட்டலாமா என்று கேட்பது நோயாளியைப் பாராது மருந்துக்கு விலைபேசுவதை ஒக்கும்.

முதலில் வெள்ளத்தின் ‘தீர்ப்பை’ நோக்குதல் தகும். பிரிஸ்பேன் ஆறு தன்மேற் கட்டப்பட்டவற்றைக் கொண்டுபோனது 2011இல் மட்டுமன்று. 1893ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதன் மட்டம் 8.35 மீற்றருக்கு உயர்ந்தபோது, நகரின் இரு கரைகளையும் இணைத்த விக்ரோறியாப் பாலத்தையும், இந்துறூப்பிலி என்னுமிடத்து இரயில் பாலத்தையும் அது தகர்த்துச் சென்றது. அன்று எவரும் ஆறு தீர்ப்புக் கூறிவிட்டதாகக் கருதி, மறுகரைக்குச் செல்லும் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1895இல் இரயில் பாலமும் 1897இல் விக்ரோறியாப் பாலமும் முன்னையவற்றினும் வலிமையுடையனவாக மீண்டும் எழுந்தன. வெள்ளம் ஒரு கட்டடத்தை அழிக்குமாயின், அக்கட்டடத்தின் அமைப்பிலே பிழையிருந்தது என்பதே நிரூபணமாகின்றது. அதன் நோக்கத்திற் பிழையிருந்ததென்று நிரூபிக்கும் ஆற்றல் நீருக்கு இல்லை. பாலமென்றால் மீண்டுங் கட்டவேண்டியது, நடைபாதையென்றால் கைவிடவேண்டியது எனப் பாகுபடுத்துவது மனிதர் செய்யும் பாகுபாடு. வண்டிக்கு ஒரு நீதியும் காலுக்கு வேறொரு நீதியும் என்பதே அதன் பொருள்.

அமைப்பிலிருந்த பிழையும் ஆராயத்தக்கது. மிதக்கும் பாதைக்கு ஒரு வசதி உண்டு: அது எப்பொழுதும் நீர்மட்டத்தோடு ஒட்டியே நிற்கும். ஆனால் அவ்வசதியே வெள்ளத்தில் அதன் பகையாகின்றது. நீர் எவ்வளவு உயர்ந்தாலும் பாதை அதனோடு உயர்வதால், பெருக்கு மிகுந்த நேரத்தில் மேற்பரப்பில் மிதந்துவரும் மரங்களும் படகுகளும் சிதைவுகளும் அதன்மேலேயே வந்து குவிகின்றன. நிலைத்த பாதையோ குறித்த ஓர் உயரத்திற்குமேல் நீரைத் தன்மேலாக ஓடவிட்டு மூழ்கிக் கிடக்கும். 2014ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே திறக்கப்பட்ட புதிய பாதை இவ்வகையினது. மிதவைகள் நீக்கப்பட்டன, ஆற்றடியில் ஆழ நாட்டிய தூண்களின்மேல், சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 3.4 மீற்றர் உயரத்தில் அது அமைந்தது. நடப்போருக்கும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோருக்கும் தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் ஆறு மறுபடியும் பெருகி 3.85 மீற்றரை எட்டியது. புதிய பாதையை அது கொண்டுபோகவில்லை. 2011இன் வெள்ளத்தைச் சான்றாகக் காட்டியோர் 2022இன் வெள்ளத்தையும் சான்றாக ஏற்றுக்கொள்வதே முறை.

இனி முதன்மையான வினாவிற்கு வரலாம். நடைபாதையொன்றை எதற்காக நீரின்மேற் கட்ட வேண்டும்? நிலத்தின்மேற் கட்டுவது மலிவானது. தூண் நாட்டத் தேவையில்லை. வெள்ளம் வந்து போனால் சேற்றைக் கழுவினாற் போதும். இவ்வினாவிற்கு விடை நீரியலில் இல்லை. காணி உறுதிகளிலே உண்டு. நியூ ஃபாமின் அப்பகுதியில் தனியார் காணிகள் ஆற்றின் விளிம்புவரை இறங்குகின்றன. வீட்டின் பின்முற்றம், அதன்பின் மதில், மதிலின் கீழ் ஆறு. இடையிலே பொதுமக்கள் ஓரடி வைப்பதற்கும் இடமில்லை. பிரிஸ்பேன் ஆறு நகரைக் கடந்தும் மேலே நெடுந்தொலைவுவரை கடலின் வற்றுப்பெருக்குக்கு உட்பட்டது. அத்தகைய ஆற்றில் உயர்நீர் மட்டத்திற்குக் கீழுள்ள படுகை பொதுவாக அரசுக்குரியது. அதற்கு மேலுள்ளது உறுதி வைத்திருப்பவருக்குரியது. எனவே, கரையோரமாக நடக்க விரும்பும் நகர மக்களுக்குச் சட்டத்தின்படி எஞ்சியிருந்த பொதுநிலம் எதுவெனில், அது நீரின் அடியிற் கிடந்த நிலமே. மாநகரசபை அதன்மேற் பாதையை அமைத்தது. ஆடம்பரம் கருதியன்று, வேறெங்கும் கால்வைக்க இடமின்மையால்.

கரை இவ்வாறு கைமாறிய வரலாறு நெடியதன்று. 1825ஆம் ஆண்டில், தண்டனை பெற்ற கைதிகளை வைத்திருக்கும் குடியிருப்பாக ஆற்றங்கரையிலே தொடங்கியதே பிரிஸ்பேன். நியூ ஃபாம் என்னும் பெயரே அக்குடியிருப்பின் புதிய பண்ணை அங்கிருந்தமையால் ஏற்பட்டது. 1842இல் சுயேச்சைக் குடியேற்றத்திற்கு இடமளிக்கப்பட்டதன் பின்னர் நிலம் துண்டுதுண்டாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னர் அக்கரைகள் துர்பல், ஜகெரா எனப்படும் ஆதிக்குடிகள் வாழ்ந்தும் மீன்பிடித்தும் திரிந்த களங்கள். அவர்களோடு உடன்படிக்கை எதுவுஞ் செய்துகொள்ளப்படவில்லை. ஆகவே, இன்று ‘தனியுடைமையின் புனிதம்’ என்று பேசப்படும் அந்த ஆற்றோர உறுதிகளின் முதல் ஏட்டைப் புரட்டினால், அங்கே விலைகொடுத்து வாங்கிய கையொப்பம் இல்லை. குடியேற்ற அரசு தனக்கு உரியதல்லாததை எடுத்து, விளிம்பில் ஒரு முழத்தையேனும் பொதுவிற்கென ஒதுக்காமல் விற்றது. ஒன்றேமுக்கால் நூற்றாண்டின் பின் அந்த முழத்தை நீரின்மேற் செயற்கையாக உண்டாக்க நகரம் கோடிக்கணக்கிற் செலவிட நேர்ந்தது. நடைபாதையின் கணக்கேட்டிற் பதியவேண்டிய முதற்செலவு இதுவே; பொறியியலாளர் பொறுப்பேற்கவேண்டிய செலவன்று இது.

தமிழிலே ‘துறை’ என்றொரு சொல் உண்டு. நீரினுள் இறங்குவதற்கு மக்களெல்லாருக்கும் உரிய இடத்தை அது குறிக்கும். ஆறும் கடலும் குளமும் உள்ள இடமெல்லாம் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அச்சொல் நிற்பதற்குக் காரணம், நீருக்குப் போகும் வழி ஊரின் உயிர்நாடியாகக் கருதப்பட்டமையே. (அத்துறைகளிலும் சாதி மதில் எழுப்பியது என்பது வேறொரு கட்டுரைக்குரிய கசப்பான பொருள்.) துறையற்ற ஆறு, பார்ப்பதற்குரிய படம் மட்டுமே. படத்தைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டும் உரிமை, அதன் எதிரே வீடு வாங்கக்கூடியவருக்கு மட்டும் உரியதாகின்றது.

நீரோரத்திற் கட்டுவது இயற்கைக்கும் அழகுக்கும் கேடு என்று கூறுவோர், அதே நகரின் மறுபகுதியை ஒருமுறை நோக்குதல் நன்று. 1965ஆம் ஆண்டு வில்பர் ஸ்மித் என்னும் அமெரிக்க ஆலோசக நிறுவனம் பிரிஸ்பேனின் போக்குவரத்திற்கென வகுத்துக்கொடுத்த திட்டத்தின் பயனாக, நகர மையத்தின் ஆற்றங்கரையின் ஒரு பகுதியைத் தழுவி உயர்த்தப்பட்ட மோட்டார்ப் பெருந்தெருவொன்று எழுந்து, 1976இல் திறக்கப்பட்டது. அதன் தூண்கள் கரையிலும் நீரிலும் நிற்கின்றன. நகரத்திற்கும் ஆற்றிற்கும் இடையே அது கொங்கிறீற்றாலான ஒரு திரையாகக் கிடக்கின்றது. 2006ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அதன் ஏறுவழியொன்றிலே வெடிப்புகள் காணப்பட்டுச் சில நாள்கள் அது மூடப்பட்டபோது நகரமே தத்தளித்தது. ஆனால், வெடிப்பைச் சான்றாகக் காட்டி அப்பெருந்தெருவை அகற்றிவிடலாமென எந்த ஆட்சிமன்றமும் எண்ணவில்லை. மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஆற்றைக் கடந்து செல்லும் வாகனத்திற்குக் கரையைக் கொடுத்தபோது தோன்றாத அழகுணர்ச்சி, நடந்துசெல்பவர் நீரின்மேற் சில மீற்றர் அகலம் கேட்கும்போது மட்டும் விழித்துக்கொள்வது வியப்பிற்குரியது. இவ்வழகுணர்ச்சி யாருடைய சாளரத்திலிருந்து நோக்குகின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

செலவு பற்றிய ஆட்சேபம் இவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. புதிய பாதைக்கு 72 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் செலவாயிற்று. அடித்துச் செல்லப்பட்டதற்கும் பணங் கொடுத்தது பொதுமக்களே. ஓர் ஊருக்குள் நடப்பதற்கு இத்தொகை பெரிதுதான். எனினும், பெரிது சிறிது என்பது எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதைப் பொறுத்தது. நடைபாதை ஆற்றோடு போவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர், 2010 மார்ச்சில், அதே ஆற்றின் அடியாகத் தோண்டப்பட்ட கிளெம் ஜோன்ஸ் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் செலவு 3 பில்லியன் டொலரை எட்டியது. எதிர்பார்த்த வாகனங்கள் வரவில்லை. 2011 பெப்ரவரியில், அதாவது நடைபாதை அழிந்த அடுத்த மாதம், அதனை நடத்திய நிறுவனம் கடன்கொடுத்தோரின் பொறுப்பிற் சென்றுவிட்டது. அந்நட்டத்தின் பெரும்பங்கு முதலீட்டாளர்களையும் வங்கிகளையுமே சார்ந்தது என்பது உண்மை. ஆனால், அது கற்பித்த பாடம் எங்கே? அடுத்த சுரங்கம் 2012இலும் அதற்கடுத்தது 2015இலும் திறக்கப்பட்டன. 2012இல் திறந்த சுரங்கத்தின் நிறுவனமும் 2013இல் அதே கதியை அடைந்தது. சுரங்கம் தோற்றால் அது கணிப்பில் நேர்ந்த தவறு. நடைபாதை தோற்றால் அது பேராசைக்குக் கிடைத்த தண்டனை! இவ்விரட்டை அளவுகோலை வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவோர் சிக்கனத்தின் நண்பரல்லர்.

வேறொரு சாரார் இதனினும் கூர்மையான கேள்வியை எழுப்பலாம்: கரை தனியாரிடம் இருப்பதுதான் நோயென்றால், அரசு காணியைச் சுவீகரித்துக் கரையிலேயே பாதை அமைக்க வேண்டியதன்றோ? கொள்கையளவில் இதனை மறுக்க இயலாது. மோட்டார்ப் பெருந்தெருக்களுக்காக வீடுகளைச் சுவீகரித்து இடிப்பதற்கு அம்மாநில அரசுகள் எக்காலத்தும் தயங்கவில்லை. 1988ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்காகத் தென்கரையிலே பழைய குடிகளும் தொழிற்கூடங்களும் அகற்றப்பட்டமை அண்மைய வரலாறு. அகற்றப்பட்டோர் எளியோர். நியூ ஃபாமின் ஆற்றோர உரிமையாளர் எளியோரல்லர். அவர்களது பின்முற்றத்தின் பத்தடி அகலத்தை நட்டஈடு கொடுத்து எடுக்கத் துணியும் அரசு அங்கே தோன்றவில்லை. தோன்றுமென்று காத்திருப்பது இன்னுமொரு தலைமுறையை மதிலுக்கு இப்பாலேயே நிறுத்திவைப்பதாகும். சுவீகரிப்புக் கோரிக்கை நியாயமானது. ஆனால், அது நிறைவேறும்வரை நடைபாதை வேண்டாம் என்பது முழுச்சோறு கிடைக்கும்வரை கஞ்சியையும் கொட்டிவிடு என்பது போன்றது.

இவ்விடத்தில் தென்கரையின் பிற்கதையையும் கூறுவது பொருத்தம். கண்காட்சி முடிந்தபின் அந்நிலத்தை வணிகக் கட்டடங்களுக்கு விடுவதே அரசின் முதல் எண்ணமாயிருந்தது. மக்கள் எதிர்ப்பின் விளைவாக அவ்வெண்ணம் கைவிடப்பட்டு, 1992 ஜூனில் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே ஆற்றோரமாக நடப்பதற்கு நீரினுள் தூண் நாட்டவேண்டியிருக்கவில்லை. ஒரே ஆறு, ஒரே வெள்ளம், ஒரே மாநகரசபை. ஒரு கரையில் மக்கள் தக்க நேரத்திற் குரலெழுப்பியமையால் மண்ணில் நடக்கின்றனர். மற்றக் கரையில் நூற்றாண்டுக்கு முன்னரே விற்றுவிட்டமையால் தூண்களின்மேல் நடக்கின்றனர்.

ஆட்சேபங்களுள் வலிமையானது ஒன்று எஞ்சியிருக்கின்றது. முற்போக்குச் சிந்தனையுடையோர் மெய்யாகவே கவலைகொள்ள வேண்டிய ஆட்சேபம் இது. பொதுப்பணத்திலே கட்டப்படும் அழகிய பாதை, அதன் பின்னாலுள்ள தனியார் காணியின் விலையை உயர்த்துகின்றது. நியூ ஃபாமும் அதனை அடுத்த தெனரீஃபும் ஒருகாலத்திற் கம்பளிக் களஞ்சியங்களும் சீனி ஆலையும் மின்னிலையமும் கப்பற்றுறைகளும் நிறைந்த தொழிலாளர் பகுதிகளாயிருந்தன. தொழில்கள் மூடப்பட, களஞ்சியங்கள் மாடிவீடுகளாயின; சீனி ஆலைக் காணியிற் குடியிருப்புகள் எழுந்தன; மின்னிலையம் 2000ஆம் ஆண்டிற் கலையரங்காயிற்று. பாரஞ் சுமந்தவர் சென்றபின், அவர் சுமந்த இடத்திற் காற்றுவாங்க வந்தவருக்காகவா நகரம் பாதை கட்டுவது?

இவ்வாட்சேபத்திற்கு விடை இரண்டு பகுதியுடையது. முதலாவது: பாதையைப் பயன்படுத்துவோர் பாதைக்குப் பின்னால் வசிப்போர் மட்டுமல்லர். நகர மையத்திற்கு வேலைக்குச் செல்வோர், துவிச்சக்கரவண்டியில் வருவோர், வேறு பகுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிற் பிள்ளைகளுடன் வருவோர் எனப் பலருக்கும் அது வழி. நுழைவுக் கட்டணமில்லை, வாயிற்காவலனில்லை. பாதையில்லாதிருந்தால் செல்வருக்குக் குறைவொன்றும் நேராது; அவருக்கு ஆறு பின்முற்றத்திலேயே உண்டு. குறைவு நேர்வது காணியற்றவருக்கே. பாதையை மறுப்பதால் ஏற்றத்தாழ்வு ஓர் அங்குலமும் குறைவதில்லை. செல்வரின் தனிமை மட்டும் காக்கப்படுகின்றது. இரண்டாவது: காணியின் விலை உயர்வது பொதுச்செலவின் விளைவென்றால், அவ்வுயர்வின் ஒரு பங்கைப் பொதுவிற்குத் திருப்பியெடுப்பதே பரிகாரம். குயீன்ஸ்லாந்தில் மாநகரசபை அறவிடும் ஆதனவரி காணியின் பெறுமதியை அடிப்படையாகக் கொண்டது. பெறுமதி உயர உயர வரியும் உயர்வதற்கு அங்கே வழி ஏற்கனவே உண்டு. அவ்வழியை இன்னும் இறுக்கமாக்கி, நீர்மேற் பாதையினாற் பயன்பெறும் முகப்புக் காணிகளிலிருந்து பாதைக்கென்றே தனிப்பங்கு கேட்கலாம். இதனைக் கேளாது விடுவது ஆட்சியாளரின் குறை.

இதற்கிடையே ஒரு சிறு விவரம் கவனிக்கத்தக்கது. 2014இன் பாதையில் ஒரு பகுதி திரும்பித் திறக்கும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது. கரைக்கும் பாதைக்கும் இடையே நிறுத்தப்படும் உயர்ந்த பாய்மரப் படகுகள் ஆற்றிற்கு வந்துபோவதற்காக அவ்வசதி. பொதுமக்கள் நடக்கும் பாதை, தனியார் படகுக்காக விலகி வழிவிடுகின்றது. மதிலுக்குள்ளிருக்கும் கரையோ பொதுமக்களுக்காக ஒருபோதும் விலகுவதில்லை. தனியுரிமையை மாநகரசபை மிதித்துவிட்டதென முறையிடுவோருக்கு இவ்வொரு விவரமே போதிய மறுமொழி.

மேற்கூறியவற்றால், நீர்மேல் நடைபாதைகள் யாவும் வரவேற்கத்தக்கன என்று எவரும் கொள்ளலாகாது. நோய் இருக்குமிடத்தில் மருந்து. நோயற்ற இடத்தில் அதுவே நஞ்சு. இலண்டன் நகரில் 2011ஆம் ஆண்டு, தேம்ஸ் ஆற்றின் வடகரையோரமாக பிளாக்ஃபிரையர்ஸிலிருந்து இலண்டன் கோபுரம்வரை ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான மிதக்கும் நடைபாதையொன்று முன்மொழியப்பட்டது. மறு ஆண்டின் ஒலிம்பிக் விழாவை முன்னிட்டு, தனியார் முதலீட்டில், அதன்மேல் மண்டபங்களும் அமைய இருந்தன. உரிய காலத்திற் கட்டிமுடிக்க இயலாதென்று பின்னர் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நன்று, காலக்குறைவு மட்டுமே காரணமாயிருந்தமை நன்றன்று. ஏனெனில், அவ்விடத்திற் கரை பொதுமக்களிடம் ஏற்கனவே இருந்தது. 1996இல் தேசிய நடைவழியாகத் திறக்கப்பட்ட தேம்ஸ் பாதை அக்கரையோரமாகவே செல்கின்றது. நடப்பதற்கு மண்ணிருக்கையில் நீரில் மேடை அமைப்பது நடப்போருக்காக அன்று. மண்டபங்களை வாடகைக்கு எடுப்போருக்காகவே.

அதே ஆற்றின் குறுக்கே பின்னர் திட்டமிடப்பட்ட பூங்காப்பாலத்தின் கதை இதனை மேலும் தெளிவாக்கும். இரவில் அது பூட்டப்படும். ஆண்டிற் பன்னிரண்டு நாள்கள்வரை நிதிதிரட்டும் நிகழ்ச்சிகளுக்காக மூடப்படலாம். துவிச்சக்கரவண்டியில் ஏறிச்செல்ல இயலாது. இவ்வளவு நிபந்தனைகளுடன் ‘பொதுமக்களுக்காக’ எனப்பட்ட அப்பாலம் 2017இற் கைவிடப்பட்டபோது 53 மில்லியன் பவுண் செலவாகியிருந்தது. அதில் 43 மில்லியன் பொதுப்பணம். ஆற்றில் ஒரு தூண்கூட எழவில்லை. இதற்குச் செலவான பணத்தை ஆற்றிற் கரைத்த புளியென்று கூறினால் அது பொருந்தும்.

அவ்வாறாயின் வேண்டியதையும் வேண்டாததையும் எவ்வாறு பிரித்தறிவது? நீரும் பொதுச்சொத்து என்பதையும், ஆற்றின் பரப்பைச் சிறிதுசிறிதாக மூடிக்கொண்டே போவதற்கு நடைபாதையும் ஒரு சாட்டாகலாம் என்பதையும் மறந்துவிடலாகாது. தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கும்; மேற்றளத்தின் நிழல் கரையோரத் தாவரத்தைப் பாதிக்கும். இதற்கு ஹொங்கொங் நகரம் வகுத்த அளவுகோல் பயனுடையது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் துறைமுகத்தை மண்கொட்டி நிரப்பிவந்த அந்நகரில், 1997ஆம் ஆண்டு துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. துறைமுகத்தை நிரப்பலாகாது என்பதே அடிப்படை; நிரப்ப விரும்புவோர் அதற்கான தேவையை நிறுவ வேண்டும். 2004 ஜனவரியில் அங்குள்ள இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தேவை எத்தகையதாயிருத்தல் வேண்டுமென விளக்கியது: அது இன்றைய தேவையாக, மறுக்கவியலாத தேவையாக இருத்தல் வேண்டும், நியாயமான மாற்றுவழி இருக்கலாகாது, செய்யும் சேதம் இயன்றவரை குறைவாயிருத்தல் வேண்டும்.

சுவையான செய்தி யாதெனில், ஹொங்கொங் தீவின் வடகரையிலே, 1984 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட உயர்மோட்டார்த் தெருவொன்றின் அடியில், ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நீளமான நீர்மேல் நடைபாதைத் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அச்சட்டமே அதற்கு நீண்டகாலத் தடையாக நின்றது. மோட்டார்த் தெரு தன் தூண்களை நீரில் நாட்டியபோது அச்சட்டம் பிறந்திருக்கவில்லை. நடப்பவர் வந்து கேட்டபோது சட்டம் கண்விழித்திருந்தது. இதனைக் காட்டிச் சட்டத்தையே குறைகூறுவது எளிது, ஆனால் தவறு. நடைபாதையானாலும் நிரூபித்துவிட்டு வா என்று கேட்கும் சட்டமே வேண்டப்படுவது. நிரூபிக்கக்கூடிய நடைபாதை அதற்கு அஞ்சவேண்டியதில்லை. அங்கும் கரையை முன்னரே வாகனங்கள் விழுங்கியிருந்தமையால் மாற்றுவழி இல்லையென நிறுவ முடிந்தது. நியூ ஃபாமின் பாதையும் இம்மூன்று சோதனைகளிலும் தேறும். இலண்டனின் மிதவை இரண்டாவதிலேயே வீழ்ந்துவிடும்.

பிரிஸ்பேனில் இனிமேற் கவலைப்பட வேண்டியது கட்டிமுடித்த பாதையைப் பற்றியன்று. அது சென்றுசேரும் இடத்தைப் பற்றியே. நியூ ஃபாமிலிருந்து நகர்நோக்கி நடப்பவர், ஸ்ரோறிப் பாலத்தின் அடியிலுள்ள ஹவார்ட் ஸ்மித் கப்பற்றுறையில் வந்து ஏறுகின்றார். 1930களிற் கட்டப்பட்ட அத்துறை, தனியார் நிறுவனமொன்றிற்குக் குத்தகைக்கு விடப்பட்டு, 2018ஆம் ஆண்டின் இறுதியில் ஹோட்டலும் மதுச்சாலைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. நடப்போருக்கான வழி அதனூடாக இன்னும் உண்டு. ஆயினும் மேசை நாற்காலிகளுக்கு நடுவே செல்லும் வழி, நாளடைவில் வாடிக்கையாளரின் வழியாக மாறுவதற்கு மதில் தேவையில்லை. 72 மில்லியன் கொடுத்து நீரின்மேல் மீட்டெடுத்த சில மீற்றர் அகலத்தை, நிலத்தின்மேற் குத்தகைப் பத்திரத்தால் இழந்துவிடலாம். ஆற்றோரத்திற் பழைய தொழிற்கூடக் காணி ஒன்று குடியிருப்பாகவோ விடுதியாகவோ மாற அனுமதி கோரும் ஒவ்வொரு முறையும், நீரின் விளிம்பிலுள்ள அகலத்தைப் பொதுப்பாதைக்கென உறுதியெழுதி வாங்கிய பின்னரே மாநகரசபை கையொப்பமிட வேண்டும். அனுமதி கொடுத்த மறுநாள் அதே அகலத்தைக் கேட்டால், காணிக்காரர் கைகாட்டும் இடம் ஆறாகவே இருக்கும்.